மாப்பிள்ளை போட்ட லினக்ஸ்

என் கம்ப்யூட்டருக்கு வயதாகிவிட்டது என்று எனக்குச் சொன்னது அந்தக் கம்ப்யூட்டரேதான். காலையில் மூடியைத் திறந்தேன், திரையில் ஒரு பெட்டி வந்து நின்றது. இனி உங்களுக்குப் பாதுகாப்பு கிடையாது, புதிய பதிப்பைத் தாங்கும் தெம்பு இந்த இயந்திரத்துக்கு இல்லை, வேறு வாங்கிக்கொள்ளவும் என்று பணிவாகச் சொன்னது. டாக்டர்கள்கூட இவ்வளவு நேரடியாகச் சொல்வதில்லை. 'பார்ப்போம்' என்பார்கள்.

எனக்கு அது இல்லாமல் முடியாது. மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, தண்ணீர் சூடாக்கும் கருவி இவற்றோடு அட்டைப்பெட்டிக்குள் வருகிற கையேடுகளைத் தமிழில் எழுதுவது என் பிழைப்பு. 'ஈரக் கையால் தொடாதீர்கள்', 'மூடியைத் திறக்கும் முன் இணைப்பைத் துண்டிக்கவும்' என்றெல்லாம் நீங்கள் படிக்காமல் தூக்கிப் போட்டது என் எழுத்தாக இருக்கலாம். வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்த எழுத்தாளன் நான். அப்படியே குப்பைக்கும் போய்ச் சேர்ந்தவன்.

"இதைத் தூக்கிப் போடணுமாம் மாப்ள" என்று போனில் புலம்பினேன். வந்த ஞாயிற்றுக்கிழமையே மாப்பிள்ளை வந்து இறங்கினார், என் மகளையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு. மகளை வீட்டில் பாப்பா என்போம். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. பேத்திக்கு வாலு என்று பெயர், காரணம் சொல்லத் தேவையில்லை. மாப்பிள்ளை ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர்களையெல்லாம் கட்டி மேய்க்கிறவர். வெறும் கையோடு வரக் கூடாது என்று எல்லாரும் பழம் வாங்கி வருவார்கள். அவர் சட்டைப் பையில் ஒரு பென் டிரைவ் கொண்டுவந்தார்.

"எதுக்கு மாமா தூக்கிப் போடணும்? நல்ல மெஷின். விண்டோஸை எடுத்துட்டு லினக்ஸ் போட்டா இன்னும் பல வருஷம் ஓடும்."

"ஓசியா மாப்ள?"

அவர் முகம் சுருங்கியது. "இலவசம்னு பார்க்காதீங்க மாமா. சுதந்திரம்னு பாருங்க. உள்ள என்ன இருக்குன்னு யார் வேணாலும் திறந்து பார்க்கலாம். எதையும் உங்களுக்குத் தெரியாம ஒளிச்சு வைக்க முடியாது."

"நம்ம வீட்டுப் பரண் மாதிரி" என்றாள் என் மனைவி சமையலறையிலிருந்து. "எல்லாம் வெளியில தெரியும், ஒண்ணும் கைக்குக் கிடைக்காது."

லினக்ஸ் என்றால் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு மாப்பிள்ளை வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தார். டெபியன் என்று ஒன்று, அலட்டிக்கொள்ளாது, சொன்ன வேலையைச் செய்யும். உபுண்டு என்று ஒன்று, பெரிய இடம், எங்கே போனாலும் சொந்தக்காரர்கள் உண்டு. மின்ட் என்று ஒன்று, புதிதாக வருகிறவர்களிடம் தன்மையாக நடந்துகொள்ளும். இன்னும் சில உண்டு, அவையெல்லாம் தினமும் ஏதாவது புதிதாகக் கேட்கும், இந்த வயதில் மாமாவுக்குக் கட்டுப்படியாகாது. ஒவ்வொன்றுக்கும் குணம், குறை, குடும்பம் என்று அவர் விவரித்ததைக் கேட்டுக்கொண்டே வந்த என் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "நம்ம பொண்ணுக்கே நாம இவ்வளவு விசாரிக்கலையேங்க."

எல்லாரும் சிரித்தோம். மாப்பிள்ளைதான் அதிகம் சிரித்தார். பாப்பாவும் சிரித்தாள் என்றுதான் நினைவு.

"உங்களுக்கு எது பிடிச்சிருக்கு மாமா?"

"நீங்க பார்த்து எது சொன்னாலும் சரி மாப்ள."

இதை நான் பணிவுக்காகச் சொல்லவில்லை. பெண்ணைக் கொடுத்தவன் நாக்கு அப்படித்தான் திரும்பும், வேறு பக்கம் திரும்பாது. மாப்பிள்ளை சாம்பாரில் உப்பு போதவில்லை என்றால் நமக்கும் போதாது. மாப்பிள்ளை மின்ட் என்றால் மின்ட். அவர் போட்டார். பழைய எழுத்துரு, தட்டச்சுப் பலகை எல்லாம் என் விரலுக்குப் பழகினபடியே வருகிறதா என்று சரிபார்த்தார். கடைசியில் ஒரு கட்டம் வந்து நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்டது.

"பாஸ்வேர்டு என்ன வைக்கட்டும் மாமா?"

"நீங்களே ஒண்ணு வெச்சுக்கங்க மாப்ள. எனக்கு எதுக்கு அதெல்லாம்."

பந்தியில் கடைசி அப்பளத்தை விட்டுக்கொடுக்கிற தோரணையில் சொன்னேன். தினமும் உள்ளே நுழைய எனக்கு ஒரு கடவுச்சொல், பெட்டியையே ஆள அவருக்கு ஒன்று என்று பிரிந்தது. என் பெட்டிக்கு நான் குடித்தனக்காரன், அவர் வீட்டுக்காரர். அன்றைக்கு அது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

"ஒரு கதவும் வெச்சிருக்கேன் மாமா. ஏதாவது மக்கர் பண்ணினா போன் பண்ணுங்க, நான் என் வீட்டுல உட்கார்ந்துகிட்டே உள்ள வந்து சரிபண்ணிடுவேன்."

அப்படித்தான் நடந்தது. பிரிண்டர் தகராறு செய்யும், போன் செய்வேன். "தொடாதீங்க மாமா" என்பார். திரையில் அம்புக்குறி தானாக நகரத் தொடங்கும், பெட்டிகள் திறக்கும், மூடும், எழுத்துகள் யாரோ விரட்டுகிற மாதிரி ஓடும். பேய் ஓட்டுகிற வண்டியில் சொகுசாக உட்கார்ந்து வருகிறவன் மாதிரி நான் காபியோடு பார்த்துக்கொண்டிருப்பேன். வேலை முடிந்ததும் அவர் திரையிலேயே ஒரு வரி எழுதுவார்: 'பிரஷர் மாத்திரை போட்டீங்களா?' 'போட்டேன்' என்று நான் கீழே தட்டுவேன். பெரும்பாலும் போட்டிருக்க மாட்டேன்.

எனக்கு மகன் கிடையாது. இருக்கிறவர்கள் வீட்டில் அப்பாவும் மகனும் பேசிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். இதைவிடக் குறைவாகத்தான் பேசுகிறார்கள். சில ஞாயிற்றுக்கிழமைகளில் கெடாத பிரிண்டரைக் கெட்டுவிட்டது என்று சொல்லி அவரைக் கூப்பிட்டிருக்கிறேன்.

இப்படி இருக்கும்போதுதான் பாப்பா ஒரு பெட்டியையும் வாலுவையும் இழுத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றாள்.

"இனிமே போக மாட்டேன்ப்பா."

அடித்தாரா என்று கேட்டேன். இல்லை. குடியா? இல்லை. வேறு ஏதாவது? தலையை ஆட்டினாள். நான் விடாமல் கேட்டேன், இன்ஷூரன்ஸ்காரன் மாதிரி. எல்லாக் கேள்விக்கும் இல்லை என்றே பதில் வந்தது.

"அப்போ கெட்ட பழக்கம் ஒண்ணும் இல்லையேம்மா?"

"அதான்ப்பா கஷ்டம். கெட்ட பழக்கம் இருந்தா வெளியில சொல்லிடலாம்." அவள் தண்ணீரைக் குடித்து டம்ளரைக் கீழே வைத்தாள். "வாலுவை வேற ஸ்கூல்ல சேர்த்துட்டார். சேர்த்துட்டு வந்து எங்கிட்டச் சொல்றார். நான் தூங்கும்போது என் போனை எடுத்து என்னென்னமோ மாத்தி வைக்கிறார். கேட்டா, உனக்கு நல்லதுக்குத்தான்ங்கிறார். நல்லதுக்குத்தான். நல்லதுக்குன்னே செஞ்சு செஞ்சு எனக்கு மூச்சு முட்டுதுப்பா."

"ஆம்பளைன்னா கொஞ்சம் அப்படி இப்படி..." என்று நான் ஆரம்பிக்க, என் மனைவி ஒரு பார்வை பார்த்தாள். வாக்கியத்தை அங்கேயே நிறுத்தினேன். இதுவரை நான் செய்த நல்ல சுருக்கங்களில் அது ஒன்று.

விவாகரத்து வழக்கு என்று ஆனது. வக்கீலம்மா ஒருவர் கிடைத்தார். பாப்பா தன் லேப்டாப்பை அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்ததால், வக்கீலம்மா கேட்கிற காகிதங்களை அனுப்ப என்னுடையதைத்தான் எடுக்க வேண்டியிருந்தது. முதல் நாள் மூடியைத் திறந்தவள் உடனே மூடினாள்.

"இது அவர் போட்டதுதானே? இதுக்குள்ள அவர் வர முடியும்ல? அழிச்சிட்டு வேற ஏதாவது போடுங்கப்பா."

"போடலாம்மா. எது நல்லதுன்னு பார்த்துப் போடணும்."

பார்க்க ஆரம்பித்தேன். கடைத்தெருவில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவரிடம் கொண்டுபோனேன். அவர் லேப்டாப்பைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "பழைய விண்டோஸே போட்டுத் தர்றேன் சார். லைசென்ஸ் கேக்காது."

"ஏன் கேக்காது?"

"நம்ம கேக்க விட மாட்டோம்."

திருட்டுச் சரக்கு வேண்டாம் என்று கொள்கை பேசித் திரும்பிவந்தேன். மாப்பிள்ளையிடம் கற்ற கொள்கை. பிறகு இணையத்தில் உட்கார்ந்து எந்த லினக்ஸ் நல்லது என்று படித்தேன். ஒருவர் இதுதான் தெய்வம் என்றால் அடுத்தவர் இது குப்பை என்கிறார். ஐந்தாவது ஆள் வந்து நாலு பேரையும் முட்டாள் என்கிறார். எனக்கு அந்தச் சண்டை ரொம்பப் பிடித்துப்போயிற்று. கேட்டால் "இன்னும் தேர்ந்தெடுத்துக்கிட்டு இருக்கேன்ம்மா" என்று சொல்ல முடிந்தது. தேர்ந்தெடுத்துக்கொண்டே இருப்பவனை யாரும் சோம்பேறி என்று சொல்ல முடியாது. என் மனைவி மட்டும் சொன்னாள்: "அழிக்க மனசில்லைன்னு சொல்லுங்க. ஊரைச் சுத்தாதீங்க."

மனசில்லைதான். பெட்டியை அழித்தால் ஞாயிற்றுக்கிழமை அம்புக்குறியும் அழியும். அவர் இப்போதெல்லாம் உள்ளே வருவதில்லை, நானும் கூப்பிடுவதில்லை. இருந்தாலும் கதவு இருந்தது.

ஒரு நாள் பாப்பா என் அறைக்கு வந்து வாசலிலேயே நின்றாள்.

"அப்பா, எனக்கு ஒரு வேலை வருது. வேற ஊர்ல, பெரிய ஆஸ்பத்திரி. குடியிருக்க இடமும் குடுக்கிறாங்க, பக்கத்துலயே ஸ்கூல் இருக்கு. விண்ணப்பம் அனுப்பணும். கோர்ட்டுல சமரசப் பேச்சு முடியற வரைக்கும் யாருக்கும் தெரியக் கூடாதுன்னு வக்கீலம்மா சொல்லியிருக்காங்க. தெரிஞ்சா குழந்தையைக் கூட்டிட்டு ஓடப் பார்க்கிறான்னு சொல்லித் தடுத்துடுவாங்களாம்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "அழிக்க வேணாம், விடுங்க. அந்தக் கதவை மட்டுமாவது மூடுங்க. எனக்கு இந்த ஒரு வேலைதான்ப்பா வழி."

கதவை மூட நிர்வாகியின் கடவுச்சொல் வேண்டும். அது யாரிடம் இருந்தது என்று உங்களுக்குத் தெரியும்.

மாடிப்படியில் உட்கார்ந்து போன் செய்தேன். எடுத்ததுமே, "மாமா, எப்படி இருக்கீங்க?" என்றார். அந்தக் குரலில் எந்த வழக்கும் இல்லை. சௌக்கியம் என்றேன். வாலு சாப்பிடுகிறாளா என்றார். சாப்பிடுகிறாள் என்றேன். பிரஷர்? இருக்கிறது என்றேன். கடவுச்சொல்லைக் கொடுங்கள் என்ற இரண்டு சொல் வாயில் வந்து வந்து திரும்பியது. கொடுத்த வீட்டுச் சாவியைத் திருப்பிக் கேட்பதுபோல இருந்தது.

"அந்தக் கதவு... தூரத்துல இருந்து வர்றது... அதை மட்டும் கொஞ்சம் மூடிட முடியுமா மாப்ள? பாப்பா பிரியப்படறா. எனக்கு ஒண்ணுமில்ல."

"புரியுது மாமா. உங்களுக்குச் சங்கடம் வேணாம். மூடிடறேன்."

சற்று நேரத்தில் அவரே கூப்பிட்டார். "மூடியாச்சு மாமா."

"நிச்சயமா?" என்று கேட்டிருக்க வேண்டும். கடையில் தேங்காயைத் தட்டிப் பார்க்காமல் வாங்க மாட்டேன். ஆனால் மாப்பிள்ளையைத் தட்டிப் பார்க்கிற மாமனார் எங்கே இருக்கிறான்? "ரொம்ப சந்தோஷம் மாப்ள" என்றேன். பாப்பாவிடம் போய், "மூடியாச்சும்மா" என்றேன். "நீங்களே பார்த்தீங்களா?" என்றாள். "பார்த்தேன்" என்றேன்.

அவள் அன்றே உட்கார்ந்து சான்றிதழ்களைப் படம் எடுத்து ஏற்றினாள். ஆஸ்பத்திரியின் பெயரில் ஒரு கோப்புறை, அதற்குள் விண்ணப்பம், வாலுவின் பள்ளிக்கூடப் படிவம், எல்லாம் ஒழுங்காக. சின்ன வயதில் பென்சில் டப்பாவை அடுக்குவாள், அதே மாதிரி. நேர்காணல் போனிலேயே முடிந்தது. வேலை கிடைத்துவிட்டது என்று தெரிந்த அன்று என் அறைக்கு வந்து, என் கண்ணாடியை எடுத்துத் தன் துப்பட்டாவில் துடைத்துத் திரும்ப மாட்டிவிட்டாள். இந்த வீட்டுக்கு வந்த பிறகு அவள் சிரித்த முதல் நாள் அது.

சமரசப் பேச்சு நடந்தது ஒரு சின்ன அறையில். நீள மேசை, பிளாஸ்டிக் நாற்காலிகள், ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியாத மின்விசிறி. நடுவில் சமரசம் செய்துவைக்கிற அம்மாள். எதிரே மாப்பிள்ளையும் அவருடைய வக்கீலும். மாப்பிள்ளை என்னைப் பார்த்ததும் பாதி எழுந்தார். நானும் பாதி எழுந்தேன். பாப்பா என் முழங்கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. குழந்தை அம்மாவிடம் இருக்கலாம், அப்பா வாராவாரம் பார்க்கலாம் என்று வந்தபோது அவருடைய வக்கீல் தொண்டையைச் செருமினார்.

"அம்மா, ஒரு விஷயம். இவங்க வேற ஊர்ல ஒரு ஆஸ்பத்திரியில வேலைக்குச் சேரப் போறாங்க. குழந்தைக்கு அங்கேயே பள்ளிக்கூடமும் பார்த்தாச்சு. அப்புறம் வாராவாரம் எங்க கட்சிக்காரர் குழந்தையை எப்படிப் பார்க்கிறது?"

ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னார். பள்ளியின் பெயரையும் சொன்னார்.

எங்கள் வக்கீலம்மா பாப்பாவைப் பார்த்தார். பாப்பா வக்கீலம்மாவைப் பார்க்கவில்லை. மாப்பிள்ளையையும் பார்க்கவில்லை. மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார்களே, அப்படிப் பார்த்தாள்.

வழக்கு முடியும்வரை குழந்தையை ஊரைவிட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது என்று எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். வழக்கு எப்போது முடியும் என்று யாரும் எழுதவில்லை.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம். "அவர்கிட்டப் பேசினீங்களாப்பா?"

"சத்தியமா இல்லம்மா. கதவை மூடச் சொல்லத்தான் பேசினேன். வேலையைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலை."

"சரிப்பா."

அந்தச் 'சரிப்பா'வைக் கேட்டதற்கு நாலு அறை வாங்கியிருக்கலாம். வீட்டுக்கு வந்ததும் என் மனைவி, "உங்க வாய்தாங்க. காபி குடுத்தா கதையையும் சேர்த்து ஊத்துற வாய்" என்றாள். நான் அவளைச் சந்தேகப்பட்டேன். அவள் அண்ணன் வீட்டில் சொல்லியிருப்பாள் என்றேன். அவள் என்னோடு பேசுவதை நிறுத்தினாள். பாப்பா அந்த ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, வர முடியாது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று அடுத்த அறையிலிருந்து சொல்வது கேட்டது. எங்களுக்குக் கேட்கும்படியாகத்தான் சொன்னாள் என்று தோன்றியது.

எனக்கு ஜுரம் வந்தது. ஜுரமா வெட்கமா என்று மாத்திரைக்குத் தெரியவில்லை, இரண்டுக்கும் அதுவே கேட்டது. லேப்டாப்பைத் திறக்கவே இல்லை. ஒரு ரைஸ் குக்கரின் கையேடு பாதியில் நின்றது. அந்தக் கம்பெனியிலிருந்து கேட்டு வரும் என்று நினைத்துத்தான் அன்று போன் அடித்ததும் எடுத்தேன்.

"மாமா?" மாப்பிள்ளையின் குரல். "உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"லேசா ஜுரம். உங்களுக்கு யார் சொன்னா?"

"யாரும் சொல்லலை. உங்க மெஷின் லைன்ல வரவே இல்லையேன்னு பார்த்தேன். தினம் காலையில வந்துருமே. அதான் பயந்துட்டேன்."

அவர் சொல்லி முடித்ததும் என்ன சொன்னோம் என்பது அவருக்கே தெரிந்துவிட்டது. எனக்கும் தெரிந்துவிட்டது.

"மூடிட்டேன்னு சொன்னீங்களே."

"மூடினேன் மாமா. சத்தியமா மூடினேன், சாவி மட்டும் என் கையில இருந்துச்சு. அப்புறம் ஒரு பாதுகாப்புத் திருத்தம் வந்துச்சு, போடாம விட்டா உங்க வேலை கெட்டுடும். போட்டுட்டு மூடிடலாம்னுதான் திறந்தேன். அந்தக் கோப்புறை மேலயே இருந்துச்சு. கண்ணுல பட்டுடுச்சு."

"கண்ணுல பட்டா மூடிட்டு வந்திருக்கலாமே மாப்ள."

"என் குழந்தை மாமா."

இதற்குப் பதில் வைத்திருக்கிற ஆள் யாராவது இருந்தால் அவர் அந்தச் சமரச அறையில் நாற்காலி போட்டு உட்காரலாம்.

"எங்கிட்டக் கேட்டிருக்கலாமே" என்றேன்.

"கேட்டா சொல்லியிருப்பீங்களா?"

"மாட்டேன்."

"அப்புறம்?"

அவ்வளவு நியாயமான ஆள். ஒவ்வொரு வரியும் நியாயம். எல்லா நியாயத்தையும் அடுக்கிப் பார்த்தால் என் மகள் ஒரு அறைக்குள் போன் பேசி வேலையை விட்டுக்கொண்டிருக்கிறாள். எனக்கு முதன்முதலாக மூச்சு முட்டியது. அவள் சொன்ன மூச்சு இதுதானா என்று அப்போதுதான் புரிந்தது. என் அறிவுக்கு எல்லாம் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்து சேரும்.

"பெட்டியை அழிக்கப் போறேன்" என்றேன்.

"சரி மாமா. நியாயந்தான்." உடனே, வழக்கமான குரலில்: "எதைப் போடப் போறீங்க?"

நான் எதையோ சொன்னேன். இணையத்துச் சண்டையில் ஒருவர் தெய்வம் என்றும் இன்னொருவர் குப்பை என்றும் சொன்ன ஒன்று.

"ஐயோ, அது வேணாம் மாமா. உங்க மெஷின்ல வைஃபை சிப்பு பழசு, அதுக்கு ஆகாது. மின்டே திரும்பப் போடுங்க, நான் வேணா படிப்படியா..."

"வெச்சிடறேன்" என்று வைத்தேன். அவர் பேசிக்கொண்டிருக்கும்போது நான் வைத்தது அதுதான் முதல் தடவை. அவர் மேல் கோபம் வரவேண்டிய அளவுக்கு வரவில்லை. ஜுரம் என்று கேட்டாரே, கஷாயம் குடிக்கச் சொல்ல மறந்துவிட்டாரே என்று ஒரு நினைப்பு ஓடியது. இந்த மூஞ்சிக்கு இதுவும் வேண்டும், இன்னமும் வேண்டும்.

எழுந்துபோய் பாப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நிர்வாகிக் கடவுச்சொல் என்னிடம் இருந்ததே இல்லை என்பதை, கதவை நான் பார்க்கவில்லை என்பதை, அவர் வாய்வார்த்தையைத்தான் நம்பினேன் என்பதை. அவள் வாலுவின் சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"நீங்க சொல்லிட்டீங்கன்னுதான்ப்பா நினைச்சேன்" என்றாள். "வாய் தவறிச் சொல்லியிருப்பீங்க, வயசாச்சு, போகட்டும்னு மனசைத் தேத்திக்கிட்டேன்." காலரைத் திருப்பிப் போட்டாள். "பார்த்தீங்களான்னு கேட்டேன். பார்த்தேன்னு சொன்னீங்க."

"மாப்பிள்ளையைப் போய் எப்படிம்மா சந்தேகப்பட்டு..."

"அவரைச் சந்தேகப்பட முடியலை. சரி. எங்கிட்டப் பார்க்கலைன்னு சொல்லியிருக்கலாம்ல? அதுக்கு யாரையும் சந்தேகப்பட வேணாமே."

சட்டையை மடித்து வைத்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி வந்து, மடித்த சட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் உட்கார்ந்து பெட்டியை அழித்தேன். ஹார்டு டிஸ்க்கில் உள்ள அனைத்தும் போய்விடும், சம்மதமா என்று கேட்டது. இப்படித் தெளிவாகக் கேட்கிற வாக்கியத்தை நான் எந்தக் கையேட்டிலும் எழுதியதில்லை. சம்மதம் என்றேன். வேண்டாம் என்று மாப்பிள்ளை சொன்னாரே, அதையேதான் போட்டேன். அந்த மனிதர் பேச்சை ஒரு தடவையாவது தட்ட வேண்டும் என்று வீம்பு. கடவுச்சொல்லை நானே வைத்தேன். திரை அழகாக எழுந்து நின்றது. வைஃபை வேலை செய்யவில்லை. அவர் சொன்னதுபோலவே சிப்பு பழசு.

இப்போது வைஃபை பெட்டியிலிருந்து என் மேசைக்கு ஒரு நீளக் கம்பி கூடத்தின் குறுக்கே ஓடுகிறது. வாலு தினமும் அதைத் தாண்டிக் குதிக்கிறாள். என் மனைவி தினமும் அதில் தடுக்குகிறாள், தடுக்கும்போதெல்லாம் என் வீம்பின் பேரைச் சொல்லித் திட்டுகிறாள். குறைந்தபட்சம் பேசுகிறாளே என்று நான் கம்பியை ஓரம்கட்டாமல் வைத்திருக்கிறேன். எந்த லினக்ஸ் நல்லது என்று இப்போது யாராவது என்னைக் கேட்டால், எதை வேண்டுமானாலும் போடுங்கள், நீங்களே உட்கார்ந்து போடுங்கள் என்பேன். யாரும் கேட்பதில்லை.

பாப்பா பழைய ஆஸ்பத்திரிக்கே போய்வருகிறாள். என்னிடம் பேசாமல் இல்லை. சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, பல் டாக்டரிடம் போனீங்களா எல்லாம் கேட்கிறாள். வேறு எங்கோ விண்ணப்பம் போட்டிருக்கிறாள் போல. புது போன் ஒன்று வாங்கியிருக்கிறாள், எல்லாம் அதிலேயே.

நேற்று சாயங்காலம் காபி எடுத்துக்கொண்டு அவள் அறைக்குப் போனேன். கட்டிலில் உட்கார்ந்து எதையோ தட்டிக்கொண்டிருந்தாள், உதட்டில் லேசாகச் சிரிப்பு. என் காலடி கேட்டதும் போனைக் கவிழ்த்துப் படுக்கையில் வைத்தாள். அவசரமாக அல்ல. அடுப்பை அணைப்பதுபோல, பழக்கமான கையோடு. பிறகு நிமிர்ந்து, "என்னப்பா?" என்றாள்.

"ஒண்ணுமில்லம்மா. காபி."

"வெச்சுட்டுப் போங்கப்பா."

வைத்துவிட்டு வந்தேன்.